ஆட்-ஆன் உரிமத்தின் பூட்டு எங்கே இருக்கிறது?

கிளவுடில் சந்தாவுக்கு விற்கப்படும் அலுவலக மென்பொருளுக்கு இரண்டு அடுக்கில் விலை வைக்கப்படுகிறது. கீழே அடிப்படைச் சந்தா, அதன்மேல் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று ஏறும் ஆட்-ஆன் உரிமங்கள். பல ஆண்டுகள் மேலடுக்கு சிறியதாகவே இருந்தது. 2023 நவம்பர் 1 அன்று மைக்ரோசாஃப்ட் தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளரான கோபைலட்டைப் பெருநிறுவனங்களுக்கு விற்கத் தொடங்கியதும் அந்தக் கணக்கு மாறியது. அமெரிக்க விலையில் மைக்ரோசாஃப்ட் 365 இ3 சந்தா அப்போது ஆளுக்கு மாதம் 36 டாலர். அதன்மேல் ஏறிய கோபைலட் மட்டும் 30 டாலர். குறைந்தது 300 பேருக்கு வாங்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு இருந்தது. அது 2024 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது.

இந்த 30 டாலருக்கு வாங்குபவரின் கணினியில் புதிதாகப் பெரிய நிரல் எதுவும் வந்து இறங்குவதில்லை. சேவையின் நிரல் ஏற்கெனவே தரவு மையத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பணம் கட்டியதும் மாறுவது நிறுவனத்தின் பயனர் பதிவேட்டில் ஒரு பதிவு மட்டுமே. மைக்ரோசாஃப்ட் உலகில் அந்தப் பதிவேட்டின் பெயர் என்ட்ரா ஐடி. 2023 வரை அஷூர் ஆக்டிவ் டைரக்டரி என்று அழைக்கப்பட்டது இதுதான். உரிமத்தின் பூட்டு பயனரின் மேசையில் இல்லை, இந்தப் பதிவேட்டில் இருக்கிறது.

விலைப்பட்டியலில் ‘இ3’ என்று ஒரே பொருளாகத் தெரிவது பதிவேட்டின் கண்ணுக்கு ஒரு மூட்டை. மின்னஞ்சலுக்கு ஒன்று, ஷேர்பாயின்ட்டுக்கு ஒன்று, கைப்பேசி, மடிக்கணினி மேலாண்மைக்கு ஒன்று என அதற்குள் பல ‘சர்வீஸ் பிளான்’கள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 128 பிட் நீளத்தில் தனி அடையாள எண் உண்டு. விற்பனைப் பிரிவு மூட்டைக்கு எத்தனை முறை பெயர் மாற்றினாலும் உள்ளே இருக்கும் எண் மாறாது. ஆட்-ஆனும் இதே போன்ற மூட்டைதான், பெரும்பாலும் சிறியது. ஆனால் அதிலுள்ள சர்வீஸ் பிளான்களில் சில தனித்து நிற்காது. வேறொரு பிளான் முன்பே இருந்தால்தான் உயிர்பெறும்.

நிர்வாகி திரையில் ஓர் ஊழியரின் பெயரைத் திறந்து, ஆட்-ஆன் எதிரே உள்ள கட்டத்தில் டிக் அடித்து, சேமிக்கிறார். அந்த ஒரு நொடியில் பதிவேடு பல சோதனைகளை முடித்துவிடுகிறது. வாங்கிய உரிமங்களில் காலி இருக்கிறதா? இந்த ஊழியர் எந்த நாட்டில் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது? சில சேவைகளைச் சில நாடுகளில் தர முடியாது என்பதால், நாடு குறிக்கப்படாத பயனருக்கு உரிமம் ஏறாது. ஏற்கெனவே உள்ள பிளான் எதனுடனாவது இது மோதுகிறதா? கடைசியாக, இது எந்தப் பிளானைச் சார்ந்திருக்கிறதோ அது இவரிடம் இருக்கிறதா? நான்கில் எது தவறினாலும் காரணத்தைச் சொல்லிப் பதிவேடு மறுத்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் அந்தந்தச் சேவைக்குத் தகவல் போகும். அது தன் பங்குக்கு அஞ்சல்பெட்டி திறப்பது போன்ற வேலைகளைச் செய்யும். டிக் அடித்ததும் புதிய பொத்தான் திரையில் தெரியாமல், நேரம் கழித்து வருவது இதனால்தான்.

சார்பு பற்றிய கடைசிச் சோதனைதான் இந்த ஏற்பாட்டிலேயே அழகானது. அது இரு திசையிலும் வேலை செய்கிறது. மைக்ரோசாஃப்டின் அரட்டை, கூட்டச் செயலியான டீம்ஸ் வழியாக வெளி எண்களுக்குத் தொலைபேசி பேச வேண்டுமானால், முதலில் டீம்ஸ் வேண்டும். அதன்மேல் டீம்ஸ் போன் என்ற ஆட்-ஆன். அதற்கும் மேலே அழைப்பு நிமிடங்களைத் தரும் காலிங் பிளான். மூன்று அடுக்கில் நடுவில் உள்ளதை மட்டும் உருவ முயன்றால், இந்தப் பிளானை இன்னொன்று சார்ந்திருக்கிறது என்று பதிவேடு தடுத்துவிடும். மேலிருந்து கீழாகத்தான் கழற்ற வேண்டும். குழுவாக உரிமம் வழங்கும்போதும் இதே விதிதான். ஆட்-ஆனை மட்டும் ஒரு குழுவுக்குக் கொடுத்தால், அடிப்படைப் பிளான் இல்லாத உறுப்பினரின் பெயருக்கு எதிரே ‘டிபென்டன்சி வயலேஷன்’ என்ற பிழை வந்து நிற்கும்.

இதைக் கல்யாண மண்டப வாடகையோடு ஒப்பிட்டால் இன்னும் தெளியும். மண்டப வாடகை அடிப்படைச் சந்தா. ஏசிக்குத் தனிக் கட்டணம். ஏசி இயந்திரம் ஏற்கெனவே சுவரில் இருக்கிறது, பணம் கட்டியதும் மேலாளர் சுவிட்சைப் போடுகிறார். மண்டபம் எடுக்காமல் ஏசியை மட்டும் வாடகைக்கு எடுக்க முடியாது, அதுதான் சார்பு. சுவிட்சைப் போட்டபின் குளிர் மண்டபம் முழுக்கப் பரவும். பத்துப் பேருக்கு மட்டும் பணம் கட்டியிருந்தாலும் காற்று ஆள் பார்த்து வீசாது.

ஒப்பீட்டின் இந்தக் கடைசிப் பகுதி உண்மையிலேயே கிளவுடில் நடக்கிறது. ஆட்-ஆன்களில் ஆளுக்கு ஆள் திறப்பவை ஒரு வகை, கோபைலட் அப்படிப்பட்டது. ஒருமுறை வாங்கியதும் நிறுவனம் முழுமைக்கும் திறந்துகொள்பவை இன்னொரு வகை. எங்கிருந்து, எந்தக் கருவியில் உள்நுழையலாம் என்று கட்டுப்படுத்தும் வசதிக்கு என்ட்ரா ஐடி பி1 உரிமம் தேவை. அந்த உரிமம் நிறுவனக் கணக்கில் வந்ததுமே நிர்வாகி எல்லாப் பயனருக்கும் விதி எழுதிவிடலாம், இயந்திரம் தடுக்காது. ஆனால் பயன்பெறும் ஒவ்வொருவருக்கும் உரிமம் வாங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். சில சேவைகளால் பயனை ஆள்வாரியாகப் பிரித்துக் கொடுக்க இயலாது என்று மைக்ரோசாஃப்டின் ஆவணங்களே ஒப்புக்கொள்கின்றன. இங்கே பூட்டு பதிவேட்டில்கூட இல்லை, காகிதத்தில் இருக்கிறது. திரையில் வேலை செய்கிறது, ஆகவே உரிமம் இருக்கிறது என்று நம்பும் நிறுவனம் தணிக்கையின்போது அதற்குப் பணம் கட்ட நேரிடும். ஆட்-ஆன் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் இதுவே முதன்மையானது. விற்பனைக் கையேடுகளில் அபூர்வமாகச் சொல்லப்படுவதும் இதுதான்.

பூட்டு இப்படி இடம் மாறிய வரலாறு சுருக்கமானது. கணினியோடு சேர்த்தே தந்துவந்த மென்பொருளைப் பிரித்துத் தனியே விலை வைப்பதாக ஐபிஎம் அறிவித்தது 1969 ஜூனில். பின்னர் குறுந்தகடும் 25 எழுத்துச் சாவியும் வந்தன. 2011 ஜூன் 28 அன்று ஆஃபிஸ் 365 வெளியானபோது மைக்ரோசாஃப்டின் அலுவலக மென்பொருளுக்கும் பூட்டு பதிவேட்டுக்கு இடம் மாறியது.

விலை எப்படி நிர்ணயமாகிறது என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். 2022 மார்ச்சில் இ3 36 டாலராகவும், அதற்கு மேல்நிலைச் சந்தாவான இ5 57 டாலராகவும் இருந்தன. இ3 மேல் பாதுகாப்பு, இணக்கம் என்ற இரண்டு ஆட்-ஆன்களைத் தலா 12 டாலருக்கு வாங்கினால் அப்போது மொத்தம் 60 டாலர் ஆகிவிட்டது. தொலைபேசியும் தரவு ஆய்வுக் கருவியான பவர் பிஐயும் சேர்ந்த இ5 அதைவிட மலிவாக இருந்தது. ஆட்-ஆனின் விலை வாடிக்கையாளரைப் பெரிய மூட்டைக்கு நகர்த்தும்படி அமைந்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு ஆட்-ஆனுக்கு வேறு நியாயம் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஜிபியுவும் மின்சாரமும் செலவாகின்றன. அது உண்மைதான். ஆனாலும் கேட்கும் விலை அந்தச் செலவின் அளவு அல்ல என்பதற்குக் கூகுளே சான்று. ஒர்க்ஸ்பேஸ் பிசினஸ் ஸ்டாண்டர்டு சந்தாவுக்கு 12 டாலர், அதன்மேல் தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளரான ஜெமினிக்கு 20 டாலர் என்று விற்றுவந்த கூகுள், 2025 ஜனவரியில் ஆட்-ஆனை எடுத்துவிட்டு ஜெமினியோடு சேர்த்து 14 டாலர் என்று அறிவித்தது. 32 டாலர் 14 ஆனது. எதிர்த்திசையிலும் நடக்கும். ஐரோப்பிய ஆணையத்தின் போட்டி விசாரணைக்கு நடுவே, 2024 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸை உலகெங்கும் புதிய பெருநிறுவன வாடிக்கையாளருக்கான சந்தாக்களிலிருந்து பிரித்து, 5.25 டாலருக்குத் தனியே விற்கத் தொடங்கியது. அதுவரை உள்ளே இருந்தது அப்போது ஆட்-ஆன் ஆனது. சென்னையின் ஜோஹோ 2017இல் கொண்டுவந்த ஜோஹோ ஒன் முப்பதுக்கு மேற்பட்ட செயலிகளை ஒரே சந்தாவில் கட்டியது. ஆனால் குறைந்த விலை வேண்டுமானால் ஊழியர் அனைவருக்கும் வாங்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு பற்றிய விளம்பரப் பரபரப்பில் வாங்குபவர் தயங்கிப் பார்ப்பது நல்லது. 50 பேர் உள்ள அலுவலகம் அந்த 30 டாலர் விலையில் எல்லோருக்கும் கோபைலட் வாங்கினால் ஆண்டுக்கு 18,000 டாலர். அதை யார் திறந்தார்கள், யார் தொடவே இல்லை என்பது நிர்வாகத் திரையின் பயன்பாட்டு அறிக்கையில் இருக்கிறது. பத்துப் பேருக்கு வாங்கி, அந்த அறிக்கையைப் பார்த்தபின் மற்றவர்களுக்குச் சேர்ப்பதே சரியான வழி. ஆண்டு ஒப்பந்தத்தில் எண்ணிக்கையை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம். குறைக்கவோ ரத்து செய்யவோ தொடக்கத்திலும் புதுப்பித்தலிலும் முதல் 7 நாள் மட்டுமே அவகாசம். தவறினால் அடுத்த ஆண்டுதான்.