இசை கேட்கத் துணை

உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவருக்குக் கர்நாடக இசையில் நாட்டம் இருக்கிறது. உடன் பயில்வோர் கொரியப் பாடல்களைப் பற்றியும் புதிதாக வெளிவந்த திரைப்பாடல்களைப் பற்றியும் பேசுகிறார்கள். அவரும் அவற்றைக் கேட்பவர்தான். ஆனால், முதல் நாள் இரவு கேட்ட கல்யாணி இராக ஆலாபனையைப் பற்றிச் சொல்ல அங்கு ஆளில்லை. சொன்னால் கேலி செய்வார்களோ என்ற தயக்கம் வேறு. நாளடைவில் அவர் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுகிறார்; பிறகு, கேட்பதையும் குறைத்துக்கொள்கிறார். இவ்வாறு, யாரும் அறியாமலே ஓர் இரசிகர் மறைந்துபோகிறார்.

சிங்கப்பூரில் இந்நிலை வியப்புக்குரியதன்று. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டுவாசிகளில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர். அவர்களுள் வீட்டில் தமிழ் பேசுவோர் ஒரு பகுதியினர். அவர்களிலும் செவ்வியல் இசையை விரும்பிக் கேட்போர் சிலரே. ஆகவே, அடுத்த வீட்டிலோ அடுத்த இருக்கையிலோ ஒத்த சுவையுடைய ஒருவர் அமைவது அரிது. மலேசியாவின் பல ஊர்களிலும் இதே நிலைதான்.

இசையைத் தனியாகக் கேட்டால் போதாதா? கைப்பேசியும் காதொலிக் கருவியும் இருக்கையில் துணை எதற்கு? இக்கேள்விகள் நியாயமானவை. தனியாகக் கேட்பதிலும் இன்பம் உண்டு. ஆனால், கர்நாடக இசை கேட்போரின் பங்கையும் எதிர்பார்க்கும் கலை. பாடகர் ஓர் இராகத்தை ஆலாபனையாக விரிக்கத் தொடங்கியதும், அது எந்த இராகம் என்று அவையினர் மனத்துக்குள் தேடுகின்றனர். பாடல் தொடங்கியதும் கைகள் தாளம் போடுகின்றன. ஆதி தாளத்தை எடுத்துக்கொண்டால், ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, மீண்டும் ஒரு தட்டு, ஒரு வீச்சு, இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு என எட்டு எண்ணிக்கையில் ஒரு சுற்று முடியும். மிருதங்கக் கலைஞர் தம் தனி ஆவர்த்தனத்தின் இறுதியில் ஒரு கோர்வையை மூன்று முறை வாசித்து, பாட்டின் எடுப்பு தொடங்கும் இடத்தில் பிசகாமல் கொண்டுவந்து சேர்ப்பார். அதுவரை எண்ணிக்கையைத் தவறவிடாமல் வந்தவருக்கே அந்தக் கணத்தின் மகிழ்ச்சி முழுமையாகக் கிட்டும்.

இவ்வாறு கேட்கும் பழக்கம் புத்தகத்தைப் படிப்பதால் மட்டும் வந்துவிடாது. பக்கத்தில் அமர்ந்தவரின் விரல்களைப் பார்த்துத் தாளத்தைப் பிடிக்கலாம். ஒரு சங்கதியைக் கேட்டு அவர் தலையசைத்தால், அதில் என்ன இருந்தது என்று காது கூர்மையடையும். கச்சேரி முடிந்து திரும்பும் வழியில் பேசிக்கொள்ளும்போது, தான் கவனிக்கத் தவறியது என்ன என்று தெரியவரும். எனவே, இசைக்குத் துணை தேடுவது தனிமையைப் போக்கிக்கொள்வதற்காக மட்டுமன்று; நன்றாகக் கேட்கக் கற்றுக்கொள்ளும் வழியும் அதுவே.

அத்தகைய துணை தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தானாகவே கிடைத்தது என்று எண்ணிவிடலாகாது. முற்காலத்தில் அரசவைகளும் கோயில்களும் செல்வந்தர் இல்லங்களும் இசைக் கலைஞர்களைப் பேணின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலைஞர்களும் கற்றவர்களும் வேலை தேடுவோரும் பல ஊர்களிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தனர். புதிய நகரத்தில் பழைய ஊரின் கோயில் மண்டபம் இல்லை. அறிந்த முகங்களும் இல்லை. ஆகவே, இசை ஆர்வலர்கள் ஒன்றுகூடிச் சபாக்களைத் தொடங்கினர். உறுப்பினர்கள் தரும் சந்தாவைக் கொண்டு கச்சேரிகள் நடத்தப்பட்டன. திருவல்லிக்கேணியில் ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1928ஆம் ஆண்டில் மியூசிக் அகாடமி உருவானது. இன்று மார்கழி மாதத்தில் சென்னை நகரமே இசைவிழாவாக மாறுகிறது என்றால், அதன் பின்னணியில் இத்தகைய கூட்டு முயற்சிகள் இருக்கின்றன.

கடல் கடந்து வந்தவர்களும் அதே வழியைப் பின்பற்றினர். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. மலேசியாவில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' என்னும் கலை அமைப்பு 1981ஆம் ஆண்டில் தோன்றியது. இசையும் நடனமும் இன்றும் இவற்றில் கற்பிக்கப்படுகின்றன. பயிலச் செல்லும் மாணவர் ஒருவருக்கு ஆசிரியரோடு, ஒத்த ஆர்வமுடைய நண்பர்களும் கிடைக்கின்றனர்.

இதற்கு இன்னும் தொலைவான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து, குளிரும் பனியும் மிகுந்த நகரம். அங்கு வாழ்ந்த இசை ஆர்வலர்கள் 1978ஆம் ஆண்டில் தியாகராஜர் ஆராதனையைத் தொடங்கினர். தியாகராஜர் (1767-1847) திருவையாற்றில் வாழ்ந்து, தெலுங்கில் எண்ணற்ற கீர்த்தனைகளை இயற்றியவர். சிறிய அளவில் தொடங்கிய அந்நிகழ்ச்சி இன்று பல நாள் நடைபெறும் பெருவிழாவாக வளர்ந்துள்ளது. முன்னணிக் கலைஞர்கள் இந்தியாவிலிருந்து அங்குச் சென்று பாடுகின்றனர்.

இவ்விழாவின் உயிர்நாடி, தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லாரும் சேர்ந்து பாடுவதாகும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களில் அவை அமைந்துள்ளன. புகழ்பெற்ற வித்துவானும் பயிலும் மாணவரும் ஒரே வரிசையில் அமர்ந்து அவற்றைப் பாடலாம். முன்பின் அறியாதவர்கள்கூட அந்த ஐந்து பாடல்களின் வழியாக ஒரே அணியாகிவிடுகின்றனர். எல்லாருக்கும் தெரிந்த சில பாடல்களும், சேர்ந்து செய்வதற்கு ஒரு செயலும் இருந்தால், அறிமுகம் தானாக நிகழும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால், கூடிப் பாடும் இந்த மரபிலும் ஒரு காலத்தில் கதவுகள் அடைபட்டிருந்தன. திருவையாற்றில் தியாகராஜரின் சமாதியைத் தம் சொந்தச் செல்வத்தைக் கொண்டு 1920களில் திருப்பணி செய்வித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878-1952). அவ்வாறிருந்தும், ஆராதனையில் பெண்கள் பாட அக்காலத்தில் இடமளிக்கப்படவில்லை. அவர் மனம் தளரவில்லை; பெண்கள் பாடுவதற்கெனத் தனி நிகழ்ச்சியையே நடத்தினார். பின்னர், பிரிந்து கிடந்த குழுக்கள் ஒன்றிணைந்து விழாவை நடத்தத் தொடங்கின. ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடும் இன்றைய காட்சிக்குப் பின்னால் அவருடைய உறுதி நிற்கிறது. கூட்டம் அமைத்தால் மட்டும் போதாது, அதன் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

இன்றைய மாணவர் ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம்? முதலில், அருகில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் இசையைக் கவனிக்கலாம். கோயிலில் பூசை நேரத்தில் ஒலிக்கும் நாகசுவரமும் தவிலும் செவ்வியல் இசையே. சுவாமி புறப்பாட்டின்போது வாசிக்கப்படும் மல்லாரி, கம்பீர நாட்டை இராகத்தில் அமைந்தது. வணங்கிவிட்டு விரைந்து செல்லாமல் ஐந்து நிமிடம் நின்று கேட்பவர், அவ்வாறே நின்று கேட்கும் இன்னொருவரைக் காணக்கூடும். நவராத்திரி நாள்களில் பல கோயில்களில் இசை நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. 2002ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் கலையரங்கம், 'கலா உற்சவம்' என்னும் இந்தியக் கலைவிழாவை நடத்திவருகிறது. அதில் கட்டணமில்லா நிகழ்ச்சிகளும் இடம்பெறுவதுண்டு.

இரண்டாவதாக, துணை என்பவர் ஒத்த வயதினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கச்சேரிகளில் முன்வரிசையில் அமர்ந்து தொடையில் தாளம் போடும் மூத்தோர் பலர், பல ஆண்டுகளாக இசை கேட்டு வருபவர்கள். "ஐயா, இப்போது பாடியது என்ன இராகம்?" என்று இளையர் ஒருவர் கேட்டால், பெரும்பாலும் முகம் மலர்ந்தே விடை சொல்வார்கள். அந்த ஒரு கேள்வி அடுத்த கச்சேரிக்கான அழைப்பாகவும் மாறலாம். கேட்க ஆளில்லையே என்று ஏங்குபவர்கள் இளையர்கள் மட்டுமல்லர். சொல்ல ஆளில்லையே என்று ஏங்கும் மூத்தோரும் இருக்கிறார்கள்.

மூன்றாவதாக, வேறு மரபு இசையைப் பயிலும் நண்பர்களும் நல்ல துணையாவர். பள்ளியின் சீன இசைக்குழுவிலோ நரம்பிசைக் குழுவிலோ இருக்கும் மாணவருக்கு, நாள்தோறும் பயிற்சி செய்வதும் கூர்ந்து கேட்பதும் எத்தகைய உழைப்பு என்று தெரியும். இசை மரபுகளுக்கு இடையே உறவுகளும் உண்டு. மோகன இராகத்தின் ஐந்து சுரங்களையும் சீன இசையின் ஐந்து சுர வரிசை ஒன்றிலும் கேட்கலாம். மேற்கத்திய இசையின் 'மேஜர்' சுர வரிசை சங்கராபரணத்தை ஒத்தது. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றிற்குச் சமஸ்கிருதத்தில் பாடல்கள் இயற்றினார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர். அன்று அவர்கள் அயலாரின் இசையைச் செவிமடுத்ததால்தான் இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிதாகிவிட்டது.

திரைப்பாடலை விரும்பும் நண்பரையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 1977ஆம் ஆண்டில் வெளிவந்த 'கவிக்குயில்' திரைப்படத்தில், இளையராஜாவின் இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாடல் ரீதிகௌளை இராகத்தில் அமைந்தது. அந்தப் பாடலை முதலில் கேட்கச் செய்து, பிறகு அதே இராகத்தில் ஒரு கீர்த்தனையை ஒலிக்கவிட்டால், இரண்டுக்கும் இடையிலுள்ள உறவை அந்த நண்பரின் காதே கண்டுகொள்ளும். நீண்ட விளக்கம் செய்யாததை இந்த ஒப்பீடு செய்துவிடும்.

இவ்வழிகளில் இருவர் அல்லது மூவர் கிடைத்துவிட்டால், சிறியதொரு கேட்போர் வட்டத்தைத் தொடங்கலாம். மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம், ஒரே ஓர் இராகம் என்று வரையறுத்துக்கொள்வது நல்லது. அந்த இராகத்தில் ஒரு திரைப்பாடல், ஒரு கீர்த்தனை, வீணையிலோ புல்லாங்குழலிலோ வாசித்த ஒரு பதிவு என மூன்றைக் கேட்கலாம். தொடக்கத்தில் ஐந்து முதல் பத்து நிமிடப் பதிவுகளே போதும். முதல் கூட்டத்திலேயே ஒரு மணி நேர இராகம் தானம் பல்லவியைக் கேட்கச் சொன்னால், புதியவர் அடுத்த மாதம் வரமாட்டார். கேட்டு முடித்ததும் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஓர் இடத்தைச் சொல்லலாம். தொலைவில் இருப்பவர்கள் இணையவழியே சேர்ந்துகொள்ளலாம். ஆண்டில் ஒரு முறையேனும் நேரில் கூடி ஒரு கச்சேரிக்குச் சென்றால், அந்தப் பழக்கம் நட்பாக உறுதிப்படும்.

இத்தகைய வட்டங்கள் கலைந்துபோவதற்கும் காரணங்கள் உண்டு. இராகத்தின் பெயரைத் தவறாகச் சொன்னவரைப் பார்த்துச் சிரித்தால், அவர் மீண்டும் வாய் திறக்கமாட்டார். பிற இசையைக் கேட்போரைத் தாழ்வாகப் பேசினால், கேலிக்கு அஞ்சி ஒதுங்கியிருந்தவர்களே பிறரைக் கேலி செய்பவர்களாக மாறிவிடுவர். தெரிந்தவர் தெரியாதவரைச் சோதிக்கும் தேர்வுக்கூடமாக அந்த வட்டம் இருத்தலாகாது. பத்து இராகங்கள் அறிந்தவரும் ஒன்றையும் அறியாதவரும் ஒரே பாயில் அமர்ந்து கேட்பதில்தான் அதன் சிறப்பு இருக்கிறது.

எவ்வளவு முயன்றாலும் எல்லாருக்கும் இந்த இசை பிடித்துவிடாது. அது தேவையும் இல்லை. சிறந்த பாடகர் ஒருவர் வந்து பாடும்போது மண்டபத்தின் பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தால், அடுத்த முறை அவரை அழைக்க ஏற்பாட்டாளர்கள் தயங்குவார்கள். அவ்வாறு நிகழ்ச்சிகள் குறையக் குறைய, புதிய இரசிகர்கள் உருவாகும் வாய்ப்பும் குறையும். சிறிய சமூகத்தில் ஒவ்வோர் இரசிகரும் கணக்கில் வருபவரே. கச்சேரிக்குத் தனியாகச் செல்லும் மாணவர் ஒரு நண்பரை அழைத்துச் சென்றால், மண்டபத்தில் இன்னோர் இருக்கை நிறையும். பாட்டு முடிந்ததும் அதைப் பற்றிப் பேச அவருக்கும் ஓர் ஆள் இருப்பார்.