மூட்டுவலி உள்ள முதியோருக்கு ஏற்ற மிதிவண்டிகள்

முழங்கால், இடுப்பு, கைவிரல் ஆகிய மூட்டுகளில் வலியோ இறுக்கமோ உள்ள முதியவர்களும், வண்டியைத் தங்கள் உடல்நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு மிதிவண்டி ஓட்டுவதைத் தொடர முடியும். மூட்டுத் தேய்மானம் என்று மருத்துவர் சொன்னவுடன் சைக்கிளைச் சுவரில் சாத்திவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. ஆனால் பலருக்கு இடைஞ்சலாக இருப்பது மிதிப்பது அன்று. வண்டியில் ஏறுவதும் இறங்குவதுமே. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் யாருக்கு எந்த வண்டி பொருந்தும் என்பதை முடிவு செய்வது எளிது.

காவிரிப் படுகையில் மிதிவண்டி

தஞ்சாவூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிழக்கே நாகப்பட்டினம் கடற்கரைக்குச் சாலை வழியே 80 கிலோமீட்டருக்கு மேல். அதாவது, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட இல்லை. ஆற்றுப் பாலங்களையும் கரைமேல் ஏறும் பாதைகளையும் தவிர்த்தால் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. இத்தகைய சமவெளியில் வலுக் குறைந்த கால்களாலும் வண்டியை நகர்த்த முடியும்.

கேரியரில் மம்பட்டியை வைத்துக்கொண்டு வயலுக்குப் போவது, பால் ஊற்றிவிட்டு வருவது, ரேஷன் கடை, டீக்கடை என்று கிராமத்து முதியவரின் ஒரு நாள் மிதிவண்டியோடு பிணைந்தது. வண்டியை விட்டுவிட்டால் இவை ஒவ்வொன்றுக்கும் மகனோ பேரனோ மோட்டார் சைக்கிளை எடுக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டும். நாளடைவில் வெளியே போவதே குறைகிறது. நடமாட்டம் குறையக் குறைய மூட்டு மேலும் இறுகுகிறது.

இது ஆண்களுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அன்று முப்பது வயதில் கற்றவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர்.

மிதிப்பதும் மூட்டும்

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை முழங்காலில் இறங்குகிறது. மிதிவண்டியில் அந்த எடையின் பெரும்பகுதியை சீட் தாங்கிக்கொள்கிறது. மூட்டு அதிர்ச்சியின்றி மடங்கி நீள்கிறது. தொடைத் தசைகள் வலுப்பெற்று மூட்டைத் தாங்க உதவுகின்றன. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு மிதிவண்டிப் பயிற்சியை மருத்துவர்கள் பரிந்துரைப்பது இதனால்தான்.

பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற முழங்கால் ஏறத்தாழ 110 பாகை மடங்க வேண்டும். அவ்வளவு மடங்காதவருக்கு சீட்டை உயர்த்துவதும், பெடல் பொருத்தப்பட்ட கிராங்க் தண்டின் நீளத்தைக் குறைப்பதும் உதவும். பெரியவர்களுக்கான வண்டிகளில் இத்தண்டு பொதுவாக 170 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இதைவிடக் குட்டையானதைப் போட்டால் பெடல் சுற்றும் வட்டம் சிறிதாகி, முழங்கால் மடங்க வேண்டிய அளவு குறைகிறது.

நெதர்லாந்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 2010இல் ஒரு வியப்பான நிகழ்வை மருத்துவ இதழில் பதிவு செய்தனர். பார்க்கின்சன் நோயால் சில அடிகள்கூடச் சரியாக நடக்க முடியாத 58 வயதுக்காரர் ஒருவர் தடுமாற்றமின்றி மிதிவண்டி ஓட்டினார். நடக்கச் சிரமப்படுபவரால் மிதிக்கவும் முடியாது என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு இது சான்று. ஆனால் அந்நோய் உள்ள எல்லாருக்கும் இது பொருந்தும் என்று கொள்ளக் கூடாது.

ஏறுவதும் இறங்குவதும்

நம் ஊர்ப் பழைய 24 அங்குல வண்டியில் சீட்டுக்கு முன்னால் குறுக்கே பார் இருக்கும். இடக்காலைப் பெடலில் வைத்து, வண்டியை உருட்டிக்கொண்டே வலக்காலைக் கேரியருக்கு மேலே வீசி ஏறுவது வழக்கம். இதில் ஒரு கணம் முழு எடையும் ஒற்றை முழங்காலில் நிற்கிறது. மறுபக்க இடுப்பு அகல விரிய வேண்டும். மூட்டு இறுகியவரால் செய்ய முடியாதது இதுதான். சிறுவயதில் பார் எட்டாமல் குரங்கு பெடல் போட்டவர்களுக்கு முதுமையிலும் அதே பார்தான் தடையாகிறது. முதியோர் விழும் விபத்துகளில் பல, ஏறும்போதும் இறங்கும்போதும் நேர்கின்றன.

கையில் உள்ள வண்டியைச் சீராக்குதல்

புதிய வண்டி வாங்கும் முன், இருக்கும் வண்டியில் சைக்கிள் கடைக்காரரைக் கொண்டு சில மாற்றங்களைச் செய்து பார்க்கலாம்.

சீட் உயரம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதளவு மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். பயத்தினால் சீட்டை மிகவும் இறக்கிவிட்டால் முழங்கால் சில்லின் மேல் அழுத்தம் கூடி வலி மிகும். கால் தரையில் எட்டாமல் அஞ்சுபவர்கள் முதலில் சற்றுத் தாழ்த்தி ஓட்டிப் பழகி, பிறகு சிறிது சிறிதாக உயர்த்தலாம்.

ஹேண்டில்பார்: உயர்த்தினால் முதுகு நிமிர்ந்து, மணிக்கட்டில் பாரம் குறையும். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்குத் தடித்த, மெத்தென்ற கைப்பிடி நல்லது.

பிரேக்: பழைய வண்டிகளின் இரும்புக் கம்பி பிரேக்கை அழுத்தக் கையில் பலம் வேண்டும். நன்றாக எண்ணெயிட்ட கேபிள் பிரேக் எளிதாகப் பிடிக்கும்.

சுமை: பையை ஹேண்டில்பாரில் மாட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கேரியரிலோ முன்கூடையிலோ வைத்துக் கட்ட வேண்டும்.

வண்டி வகைகள்

தாழ்ந்த சட்ட வண்டி: ‘லேடீஸ் சைக்கிள்’ என்று நாம் அழைப்பது. பார் இல்லாததால் காலை வீசாமல், முன்பக்கமாகத் தூக்கி வைத்து ஏறலாம். வண்டியை நம் பக்கம் சற்றுச் சாய்த்துக்கொண்டால் இன்னும் எளிது. ஆண்கள் இதை ஓட்டத் தயங்குகின்றனர். மிதிவண்டி மிகுந்த நெதர்லாந்தில் வயதான ஆண்கள் இத்தகைய வண்டியில் செல்வது சாதாரணக் காட்சி. செலவு குறைந்த முதல் தீர்வு இதுவே.

பெரியோர் மூன்று சக்கர வண்டி: பின்னால் இரண்டு சக்கரம் உள்ளது. நின்றாலும் விழாது, சமநிலை குன்றியவர்களுக்கு ஏற்றது. ஆனால் திருப்பத்தில் இதைச் சாய்க்க முடியாது. வேகமாகத் திருப்பினால் கவிழும். அகலம் அதிகம் என்பதால் குறுகிய வாய்க்கால் கரைகளுக்கும் வரப்புப் பாதைகளுக்கும் உதவாது. தெருவுக்கும் கடைவீதிக்கும் பொருந்தும்.

மின்மிதிவண்டி: மிதிக்கும்போது மோட்டார் துணை செய்கிறது. எதிர்காற்றிலும் பாலத்து ஏற்றத்திலும் முழங்காலின் பாரம் குறையும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட, உரிய அங்கீகாரம் பெற்ற வண்டிக்குப் பதிவோ ஓட்டுநர் உரிமமோ தேவையில்லை. ஆனால் இது சாதாரண வண்டியைவிடக் கனமானது. ஏறும்போது பெடலை அழுத்தினால் திடீரென நகரும்; ஆகவே உட்காரும்வரை பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டும்.

கையால் இயக்கும் மூன்று சக்கர வண்டி: கால்களால் மிதிக்கவே இயலாதவர்களுக்கு உரியது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற்றவர்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

நிலை மிதிவண்டி: வீட்டிலேயே ஓரிடத்தில் நிற்பது. மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், மருத்துவர் அனுமதித்த பின் இதில்தான் தொடங்க வேண்டும். சாலைக்கு வருவது அதற்குப் பிறகே.

சாலையும் பருவமும்

அறுவடைக் காலத்தில் நம் பகுதிச் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் காயும். அவற்றின்மேல் சக்கரம் வழுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே பாதுகாப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைகளில் படியும் வண்டல் சேறும் அப்படியே. மதகுக் கட்டை, திண்ணை போன்ற உயரமான இடத்தின் அருகே வண்டியை நிறுத்திப் பழகினால் ஏறவும் இறங்கவும் பிடிமானம் கிடைக்கும். விடியற்காலையிலும் அந்தியிலும் செல்பவர்கள் விளக்கும், பின்னால் ஒளி பிரதிபலிக்கும் பட்டையும் பொருத்த வேண்டும். தலைக்கவசம் அணிவது நல்லது.

எப்போது ஓட்டக் கூடாது

மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும்போதும், திடீரெனப் பூட்டிக்கொள்ளும்போதும் ஓட்டாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தலைச்சுற்றல், அடிக்கடி மயக்கம், தெளிவற்ற பார்வை உள்ளவர்கள் அவற்றுக்குச் சிகிச்சை பெறும்வரை சாலையில் செல்லக் கூடாது. ஓட்டிய பின் லேசான வலி தோன்றி விரைவில் தணிந்தால் கவலையில்லை. மறுநாளும் நீடித்தால் தூரத்தைக் குறைக்க வேண்டும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தரப்படுகிறது. அவ்வாறு வருபவரிடம் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, மிதிவண்டி ஓட்டலாமா என்று கேட்டுத் தெளியலாம்.

புதிய வண்டியையோ மாற்றிய வண்டியையோ முதலில் வெறும் களத்திலோ பள்ளி மைதானத்திலோ, ஒருவர் உடனிருக்க, ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். பத்து முறை தடுமாறாமல் ஏறி இறங்க முடிந்த பிறகு தெருவுக்கு வரலாம். வீட்டில் உள்ள இளையோர் “இனிமேல் சைக்கிள் வேண்டாம்” என்று சொல்லும் முன் இந்தச் சோதனைக்கு ஒரு மாலைப்பொழுது ஒதுக்கினால், பெரியவர் தாமே கடைக்குப் போய்வரும் வழி இன்னும் சில ஆண்டுகள் திறந்திருக்கும்.