வாத்து வேட்டையும் வளரும் நகரமும்

வேட்டைக்காரர்கள் ஒன்றுகூடி, "எங்கள் வேட்டை உரிமையைக் காப்பாற்றுங்கள், அதற்காக இந்தச் சதுப்பு நிலத்தை வீட்டு மனையாக்காமல் விட்டுவையுங்கள்" என்று கேட்கிறார்கள். பறவைகளை நேசிப்பவர்கள் பலர் அவர்களுக்குப் பக்கத்திலேயே நின்று ஆமாம் போடுகிறார்கள். இது என்ன கூத்து என்று உங்களுக்குத் தோன்றும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதே குற்றம். ஆனால் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இது நூறாண்டுக் காலமாக நடந்துவரும் உண்மையான வழக்கு. அதற்குள் பௌதிகமும் நிறைய ஒளிந்திருக்கிறது. சற்று விரிவாகவே பார்ப்போம்.

உலகப்படத்தை எடுத்து அமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பாருங்கள். சால்ட் லேக் சிட்டி என்னும் நகருக்கு வடமேற்கே பெரிய உப்பேரி கிடக்கிறது. பேர், வீபர், ஜோர்டான் என்ற மூன்று ஆறுகள் அதில் வந்து விழுகின்றன. வெளியே செல்ல வழியில்லை. வந்த நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கிவிடும். கடலைப் போலப் பல மடங்கு உப்பு! சராசரி நிலையில் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 4,400 சதுர கி.மீ.; ஆனால் மிக ஆழமான இடத்திலும் 10 மீட்டர்தான் ஆழம். அதாவது ஏரி என்பதைவிட ஒரு மாபெரும் தாம்பாளம் என்பதே பொருந்தும். தாம்பாளத்தில் ஒரு விரற்கடை நீர் குறைந்தாலும் கரை வெகுதூரம் உள்வாங்கும் அல்லவா? அதேபோல் இங்கும் நீர்மட்டம் ஓரடி இறங்கினால் மைல் கணக்கில் தரை வெளியே தெரியும்.

ஆற்றின் நன்னீர் உப்பு நீரைத் தொடும் இடங்களில்தான் சதுப்பு நிலங்கள் உருவாயின. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பறவைகள் இந்த ஏரிப் பகுதிக்கு வருகின்றன. அவற்றில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் உண்டு. இவ்விரண்டு இனங்களும் நம் பழவேற்காட்டுக்கும் குளிர்காலத்தில் வருபவையே. ஆசியாவின் வடபகுதியிலிருந்து நம்மிடம், கனடா, அலாஸ்காவிலிருந்து அவர்களிடம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணக்காரர்களின் வேட்டைக் கழகங்கள் நல்ல சதுப்பு நிலங்களை விலைக்கு வாங்கி வேலி போட்டுக்கொண்டன. சாதாரணத் தொழிலாளிக்கு இடமில்லாமல் போயிற்று. அப்போது மாநில அரசு 1923-ல் ஏரியின் வடக்குப் பகுதியில் ஒரு நீர்நிலையை எல்லாருக்குமாக அமைத்தது. அதற்குச் சூட்டிய பெயரே 'பொதுச் சுடும் நிலம்'! பிறகு 1928-ல் பேர் ஆற்று முகத்துவாரத்தை வலசைப் பறவைகளின் சரணாலயமாக அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்றது. 1910-ல் அங்கே பாட்டுலிச நஞ்சினால் வாத்துகள் லட்சக்கணக்கில் மாண்டதே அதற்கு முக்கியக் காரணம். 1930-களில், சால்ட் லேக் சிட்டிக்கு வடக்கே ஏறக்குறைய 25 கி.மீ. தொலைவில், ஃபார்மிங்டன் விரிகுடாவில் மாநில அரசு கரைகள் கட்டி நன்னீரைத் தேக்கியது. இன்று நகரம் நெருக்குவது இந்த ஃபார்மிங்டன் சதுப்பு நிலத்தைத்தான்.

ஏரிப் படுகை யாருக்குச் சொந்தம் என்பதிலும் ஒரு சுவையான கதை உண்டு. மைய அரசும் மாநில அரசும் இதற்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 1896-ல் யூட்டா மாநிலமானபோது ஏரியில் படகுப் போக்குவரத்து இருந்திருந்தால் படுகை மாநிலத்துக்கு. இல்லையேல் மைய அரசுக்கு. போக்குவரத்து இருந்ததா? இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பண்ணைக்காரர்கள் தம் செம்மறி ஆடுகளைப் படகில் ஏற்றி ஏரித் தீவுகளுக்கு மேய்ச்சலுக்குக் கொண்டு சென்றார்கள். அதை ஒரு சான்றாகக் கொண்டு 1971-ல் நீதிமன்றம் படுகை மாநிலத்துக்கே என்று தீர்த்தது. மாநிலம் அதை மக்களின் சார்பில் காத்து நிற்கும் காவலாளி என்பது அங்குள்ள சட்டக் கருத்து. மக்கள் என்றால் படகோட்டியும் பறவை பார்ப்பவரும் மட்டுமல்ல, வேட்டைக்காரரும் சேர்த்துத்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது? 1934 முதல் அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகும், 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் 'வாத்து வில்லை' ஒன்றை வாங்க வேண்டும். முதல் வில்லையின் படத்தை வரைந்தவர் டார்லிங் என்ற கேலிச்சித்திரக்காரர்; அவரே அப்போது வன உயிரினத் துறையின் தலைவரும்கூட. அன்று விலை ஒரு டாலர். 2015 முதல் 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நேராக நீர்நிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இவ்வகையில் இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றப்பட்டுள்ளது. இதற்கு மேலாக, 1937-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான 11 சதவீத வரியும் வன உயிரினத்துக்கே செலவாகிறது. பறவையைச் சுடுகிறவர் பறவையின் வீட்டுக்கு வாடகை கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நகரத்துக்கு வருவோம். 2010-க்கும் 2020-க்கும் இடையில் அமெரிக்க மாநிலங்களிலேயே வேகமாக மக்கள்தொகை பெருகியது யூட்டாவில்தான். 18 சதவீதத்துக்கும் மேல். கிழக்கே மலை, மேற்கே ஏரி. நடுவில் ஒடுங்கிய பட்டையில்தான் ஊர்கள். வீடுகள் சதுப்பு நிலத்தின் விளிம்புக்கே வந்துவிட்டன. புதிதாகக் குடிவந்தவர் விடியற்காலையில் துப்பாக்கி ஒலி கேட்டுத் திடுக்கிடுகிறார். அவருடைய அச்சம் இரண்டு: ரவை வந்து விழுமோ என்பது ஒன்று, சத்தம் மற்றொன்று. அமெரிக்க நகராட்சிகள் பல தம் எல்லைக்குள் துப்பாக்கி சுடுவதைத் தடை செய்கின்றன. நகராட்சியின் எல்லைக்கோட்டைச் சற்று மேற்கே நகர்த்தினால் போதும். நேற்று வரை சட்டப்படி நடந்த வேட்டை இன்று குற்றமாகிவிடும். சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

அச்சம் எவ்வளவு நியாயம் என்று கணக்கிட்டுப் பார்க்கலாமா? வாத்து வேட்டைக்கு ரவைத் துப்பாக்கியைத்தான் பயன்படுத்தலாம். தனிக்குண்டு பாயும் துப்பாக்கிக்கு அனுமதியில்லை. ரவை ஏறத்தாழ விநாடிக்கு 430 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் புறப்படுகிறது. உங்கள் பாடப்புத்தகச் சூத்திரப்படி, 45 டிகிரி கோணத்தில் எறிந்த பொருளின் வீச்சு, வேகத்தின் வர்க்கத்தை புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்த ஈவு. 430-ஐ 430-ஆல் பெருக்கி 9.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 19 கி.மீ. வருகிறது. நகரமே நடுங்க வேண்டும்! ஆனால் சூத்திரத்தின் ஓரத்தில் 'காற்றின் தடையைப் புறக்கணித்தால்' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்களே, தேர்வு அவசரத்தில் யாரும் படிக்காத அந்த வரி, இங்கே எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

காற்றின் தடை ரவையின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அதாவது விட்டத்தின் வர்க்கத்தை. ரவையின் நிறையோ விட்டத்தின் கனத்தையும் அடர்த்தியையும் பொறுத்தது. தடையை நிறையால் வகுத்தால் வேகம் குறையும் வீதம் கிடைக்கும். அது விட்டம், அடர்த்தி இரண்டின் பெருக்குத்தொகைக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. ரவை சிறுத்தால் சீக்கிரம் களைத்துவிடும். ஈய ரவைக்கு வேட்டைக்காரர்கள் கையாளும் பழைய விதி ஒன்று உண்டு: விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதிகபட்ச வீச்சு ஏறக்குறைய 80 மீட்டர். எஃகின் அடர்த்தி 7.9, ஈயத்தினது 11.3. ஆகவே எஃகு ரவைக்கு மில்லிமீட்டருக்குச் சுமார் 56 மீட்டர். வாத்துக்குப் பயன்படும் 3.8 மி.மீ. எஃகு ரவை எவ்வளவு முயன்றாலும் 213 மீட்டர் அளவில் தரைக்கு வந்துவிடும். 19 கி.மீ. எங்கே, 213 மீட்டர் எங்கே!

யூட்டா சட்டம், வீடுகளிலிருந்து 600 அடிக்குள், அதாவது 183 மீட்டருக்குள், உரியவர் அனுமதியின்றிச் சுடக்கூடாது என்கிறது. அப்படியானால் மீதி 30 மீட்டர்? கடைசிப் பகுதியில் ரவை தன் சொந்த எடையால் மட்டுமே விழுகிறது. அப்போதைய வேகம் விநாடிக்குச் சுமார் 28 மீட்டர். 0.23 கிராம் ரவையின் இயக்க ஆற்றல் புறப்படும்போது 21 ஜூல், விழும்போது 0.09 ஜூல். பழைய கனத்த ஐந்து ரூபாய் நாணயம் 9 கிராம். அதை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து உள்ளங்கையில் போட்டால் கிடைக்கும் ஆற்றல் இதே அளவுதான். கண்ணில் பட்டால் ஆபத்தே. கூரையில் பட்டால் ஆலங்கட்டி போலச் சலசலக்கும். சட்டத்தின் 600 அடி ஓரளவு அறிவோடு வகுத்த அளவு என்றே நான் சொல்வேன். இதே பேச்சு தனிக்குண்டுத் துப்பாக்கிக்குப் பொருந்தாது. மிகச் சிறிய '22' ரகக் குண்டுகூட ஒரு கி.மீ.க்கு மேல் போகும்.

சத்தத்தின் கதை வேறு. துப்பாக்கிக்கு ஒரு மீட்டர் அருகில் ஒலி 150 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். பத்து முறை இரட்டித்தால் 1,024 மீட்டர். 60 டெசிபெல் குறைந்து 90 நிற்கும். புல்லும் மண்ணும் உறிஞ்சுவதால் உண்மையில் இன்னும் குறைவாகவே காதுக்கு எட்டும். ஆனால் யூட்டாவின் குளிர்காலம் இங்கே குறும்பு செய்கிறது. மலைகளுக்கு நடுவே குளிர்ந்த காற்று தேங்கி, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் படிந்துவிடும். வழக்கத்துக்கு மாறாக மேலே வெப்பம், கீழே குளிர். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடும் என்று படித்திருக்கிறீர்கள். ஒலி அலையின் மேற்பகுதி வேகமாகவும் கீழ்ப்பகுதி மெதுவாகவும் சென்றால் என்னவாகும்? அணிவகுப்பில் ஒரு பக்கத்தவர் மட்டும் விரைந்து நடந்தால் வரிசை மறுபக்கம் திரும்பும் அல்லவா? அதேபோல் மேலே போய் மறைய வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்பி வருகிறது. இந்த நிலை மிகுந்திருப்பது விடியலில். வேட்டை நேரம் தொடங்குவதோ சூரியோதயத்துக்கு அரை மணி முன்பு! எனவே தூரத்து வெடி பக்கத்து வீட்டு வெடிபோல் கேட்கிறது. குடியிருப்பவர் மிகைப்படுத்துகிறார் என்று வேட்டைக்காரர் சொல்வதும், ஏமாற்றுகிறார்கள் என்று குடியிருப்பவர் சொல்வதும் இரண்டுமே தவறு.

எஃகு ரவை என்றேனே, முன்பு ஈயம்தான். ஒரு தோட்டாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ரவைகள். பெரும்பாலானவை குறி தப்பிச் சேற்றில் விழும். வாத்து இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும் பழக்கமுடையது. கல்லென்று நினைத்து ஈயத்தை விழுங்கினால் இரைப்பை அதை அரைத்துக் கரைத்து இரத்தத்தில் கலக்கச் செய்யும். சில வாரங்களில் சாவு. அந்த வாத்தைத் தின்ற கழுகுக்கும் அதே கதி. ஆகவே 1987-ல் தொடங்கிப் படிப்படியாக, 1991-ல் நாடு முழுவதும், நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் தடை செய்யப்பட்டது. எஃகு லேசானது, அடி சரியாக விழாது என்று வேட்டைக்காரர்கள் பலர் அன்று முணுமுணுத்தார்கள். பௌதிகப்படி அது உண்மையும்கூட. அதனால்தான் ரவையைப் பெரிதாக்கினார்கள்.

வேட்டை உரிமை என்றால் கட்டுப்பாடில்லாத உரிமை என்று எண்ணிவிடாதீர்கள். கனடாவுடன் 1916-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி வேட்டைக் காலம் ஆண்டில் மூன்றரை மாதத்துக்கு மேல் போகக்கூடாது. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் போடக்கூடாது. ஒரு நாளைக்கு இத்தனை பறவை என்ற வரம்பு வேறு. இருந்தும், காசு கட்டியவருக்குக் கொல்லும் உரிமை என்ற ஏற்பாட்டை விரும்பாதவர்கள் அங்கேயும் உண்டு. நம் வேடந்தாங்கல் மக்கள், துப்பாக்கியோடு வந்த ஆங்கிலேயச் சிப்பாய்களைப் பற்றி முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-லேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடம் எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் அவர்கள் வயலுக்கு எரு. சுடாமல் காத்த ஊரும் உண்டு, சுட்டுக்கொண்டே காத்த ஊரும் உண்டு. என் மனம் வேடந்தாங்கல் பக்கமே. ஆனால் ஃபார்மிங்டனில் வேட்டைக்காரர்களை விரட்டிவிட்டால் அந்த இடத்துக்கு யார் காவல், வில்லைப் பணத்துக்கு ஈடு எது என்ற கேள்விக்கு நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை.

சதுப்பு நிலத்தின் விளிம்பில் 14 மைல் நீளத்துக்கு 'லெகசி பார்க்வே' என்ற சாலை போட மாநிலம் முனைந்தபோது, 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பின்னர் 2005-ல் உடன்பாடு ஏற்பட்டு, 2008-ல் சாலை திறந்தது; அருகில் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் இயற்கைக் காப்பிடமாக ஒதுக்கினார்கள். லாரிகளுக்கு அங்கே இருந்த தடை 2020 தொடக்கத்தில் காலாவதியாயிற்று. அதே 2020-ல் யூட்டா வாக்காளர்கள், வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உள்ள உரிமையை மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிச் சேர்த்தார்கள். பிறர் நிலத்தில் அத்துமீறி நுழைய அது இடம் தருவதில்லை.

எழுதிய இரண்டாம் ஆண்டில், 2022 நவம்பரில், ஏரியின் நீர்மட்டம் வரலாறு காணாத அளவுக்குத் தாழ்ந்தது. பரப்பு சராசரியில் ஏறக்குறைய பாதி. 1980-களின் வெள்ளத்தில் இதே ஏரி பெருகி, உப்பு நீர் கரைகளை உடைத்துச் சதுப்பு நிலங்களை மூழ்கடித்திருந்தது. அன்றைய மட்டத்துக்கும் 2022-ன் மட்டத்துக்கும் வித்தியாசம் ஏழு மீட்டர். குறைவுக்கு வறட்சி ஒரு காரணம். ஆற்று நீரை வழியிலேயே வயல்களுக்கும் ஊர்களுக்கும் எடுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய காரணம். காய்ந்த படுகையில் உரிமை இருந்தென்ன, வாத்து வந்து இறங்க நீர் வேண்டுமே! வேட்டைச் சங்கங்களின் பேச்சு இப்போது துப்பாக்கியைவிட மதகுகளைப் பற்றியே அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபார்மிங்டன் விரிகுடாவுக்கு வரும் நீரில் பெரும்பங்கு ஜோர்டான் ஆற்றினுடையது. அதில் கணிசமானது சால்ட் லேக் பள்ளத்தாக்கின் ஊர்கள் சுத்திகரித்து விடும் கழிவு நீர். வாத்துகளை நெருக்கும் நகரமே அவற்றுக்கு நீரும் அனுப்புகிறது! அந்த நீரை நகரங்கள் திரும்பவும் தம் புல்வெளிக்கே பாய்ச்சிக்கொள்ளத் தொடங்கினால் ஏரிக்குப் போவது குறையும் என்று கண்டு, 2023-ல் யூட்டா சட்டமன்றம் ஏரிப் பகுதியில் புதிய மறுபயன்பாட்டுத் திட்டங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. மற்ற ஊர்களில் கழிவு நீரை மறுபடி பயன்படுத்துங்கள் என்று அரசு கெஞ்சும். இங்கே வேண்டாம் என்கிறது.