"நீ ஒரு வாய் சாப்பிடுக்கா!"

தட்டில் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் வைத்து நீட்டினேன். தம்பி தொடவில்லை. "நீ முதல்ல ஒரு வாய் சாப்பிடுக்கா" என்றான். விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டுக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டேன் என்று அந்தப் பிள்ளை நிஜமாகவே பயந்திருக்கிறான்!

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. குன்றத்தூரில் எங்களோடுதான் இருந்தான். ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்தான். 'நைட் ஷிப்ட் பழக்கம்' என்றோம். நாலு நாள் குளிக்கவில்லை, 'அசதி' என்றோம். தனக்குத்தானே சிரித்தபோது, "யாரோ பொண்ணு போல" என்று என் வீட்டுக்காரர் கண்ணடித்தார். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் இருந்தது, பாருங்கள்! செல்போனை அணைத்து அரிசி டப்பாவில் புதைத்து வைத்த அன்றுதான் விழித்துக்கொண்டோம். யாரோ ஒட்டுக் கேட்கிறார்களாம்.

அப்போதும் டாக்டரிடம் போகவில்லை. 'காத்து கருப்பு' என்றார்கள். தாயத்திலும் மந்திரிப்பதிலும் இரண்டு மாதம் போயிற்று. முருகனை வேண்டிக்கொண்டதில் தப்பில்லை, இன்றைக்கும் மலைப்படி ஏறுகிறேன். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வேண்டிக்கொண்டே மருந்தும் கொடுக்கிறோம் அல்லவா? எங்காவது கொண்டுபோய்க் கட்டிப் போடச் சொன்னவர்களும் உண்டு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப்போனார்களே! 2017 மனநலச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவதே குற்றம்.

"கீழ்ப்பாக்கமா? நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று அம்மா அழுதாள். சினிமாக்காரர்கள் கிண்டலடித்தே அந்தப் பெயரைக் கெடுத்துவிட்டார்கள். 1794-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. நாட்டின் முதல் பெண் மனநல டாக்டரான சாரதா மேனன் 1961 முதல் தலைமையேற்று நடத்திய இடம். 1984-ல் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கியவரும் அவர்தான்.

டாக்டர் 'மனச்சிதைவு' என்றார். ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 18-லிருந்து 30 வயதுக்குள் தலைகாட்டுமாம். ஒருநாள் தூங்காததும் சிடுசிடுப்பதும் வியாதி இல்லை. கலகலவென்று இருந்தவர் ஒதுங்கிப்போய், தூக்கமும் குளியலும் வேலையும் சேர்ந்து தப்பி, அது வாரக்கணக்கில் நீடித்தால் காட்டிவிட வேண்டும். இல்லாத குரல் கேட்கிறது, வீட்டாரே விஷம் வைக்கிறார்கள் என்றால் நாள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. 'செத்துப்போறேன்' என்றால் அந்த நிமிஷமே, தனியாக விடாதீர்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

பிள்ளை பெற்ற இரண்டொரு வாரத்தில் தூக்கமே இல்லாமல் சம்பந்தா சம்பந்தமில்லாமல் பேசும் பெண்ணுக்கும் இதே அவசரம்தான். 'ஜன்னி' என்று கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

தம்பி மாத்திரை போட மறுத்தான். "சாம்பார்ல கலந்து குடுத்துடட்டுமா?" என்று டாக்டரைக் கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவர் பயந்ததே அதுக்குத்தானேம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. அன்றுமுதல் மாத்திரை அட்டையை அவன் கையிலேயே கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். வாதம் பண்ணவில்லை, "உனக்குப் பயமா இருக்குல்ல?" என்று மட்டும் கேட்பேன். குணம் தெரிய ஒன்றரை மாதம் ஆயிற்று. நன்றாகிவிட்டதென்று நடுவில் ஒருமுறை தானே நிறுத்தினான். பத்தே நாளில் தூக்கம் போய் மறுபடி ஓட்டம்.

இப்போது பகல் ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை தட்டை வைத்ததும், பழக்கதோஷம், ஒரு வாய் நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். "என்னோடதை ஏன்க்கா திங்கறே?" என்று சண்டைக்கு வந்தான்.