பெசன்ட் நகர் மணலில் கறுப்பு வரிகள்

கேரளத்தின் வர்க்கலாவுக்குப் போய் வந்தவர்கள் அங்குள்ள செங்குத்தான கடற்கரைக் குன்றுகளைப் படமெடுக்காமல் திரும்புவதில்லை. இரும்பு துருவேறிய அடுக்கு சிவப்பு, துருவோடு நீரும் சேர்ந்தது மஞ்சள், இரும்பு கழுவிப்போன களிமண் வெள்ளை. சென்னைக் கரை தட்டையானது. அப்படி நிமிர்ந்து பார்க்க ஒன்றுமில்லை. நிறங்கள் இங்கே காலடியில் கிடக்கின்றன.

பெசன்ட் நகரில் அலை வந்து திரும்பும் இடத்தில் கறுப்பு வரிகள் தெரியும். அழுக்கு என்று நினைத்துப் பலர் ஒதுங்கிப் போகிறார்கள். அழுக்கே இல்லை. தாளில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் இழுத்தால் கறுப்புத் துகள்கள் சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். அது மேக்னடைட், இரும்புத் தாது. பள்ளி நாட்களில் 'இரும்புத் தூள்' என்று நாம் சேகரித்தது இதைத்தான். ஒட்டாமல் நிற்கும் கறுப்பில் பெரும்பகுதி இல்மனைட். அதில் இரும்போடு டைட்டானியமும் உண்டு. கறுப்பின் ஓரமாகக் கத்தரிப்பூ நிறத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் அது கார்னெட். கோமேதகம் இதே குடும்பம்தான்.

வெள்ளை மணலான குவார்ட்ஸ் தண்ணீரைப்போல 2.65 மடங்கு கனம். கார்னெட் சுமார் 4 மடங்கு, மேக்னடைட் 5 மடங்குக்கும் மேல். ஏறும் அலை எல்லாவற்றையும் வாரி வருகிறது. இறங்கும் அலைக்கு அந்த வலு இல்லை. லேசானதை மட்டும் இழுத்துக்கொண்டு கனத்ததை விட்டுப்போகிறது, முறத்தில் புடைப்பதுபோல. புயலடித்த மறுநாள் ஒரு சாண் ஆழத்துக்கு நேராக வெட்டிப் பாருங்கள்: வெள்ளையும் கறுப்பும் மாறி மாறிப் படிந்திருக்கும்.

இந்தத் துகள்களைத் தந்த பாறைகளில் முக்கியமானதைப் பார்க்கப் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் போனால் போதும். சார்னோகைட் என்ற அந்தக் கருநீலப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறைதான் என்று கண்டு, 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் சார்னக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். உலகமெங்கும் புவியியல் மாணவர்கள் படிக்கும் பாறை இது. நம் ஊரிலோ அது ஜல்லிக்காக உடைபட்டது.

இத்தகைய பாறைகள் சிதைந்த மண்ணைப் பாலாறு போன்ற ஆறுகள் கடலில் சேர்க்கின்றன. ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் கரையோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளும். சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்ததும் அந்த ஓட்டம் அங்கேயே தடைபட்டது. தெற்கில் மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து குறைந்து, ராயபுரம் தாண்டிய கரையைக் கடல் அரித்தது.