பாம்பு கடிச்சா பாடம் போடலாமா? குழுக் கூட்டங்களில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்ததும் பேச்சு வேறு பக்கம் போகும். நம் கடலூர், சிதம்பரம் பகுதிக் கூட்டங்களில் அப்படி அதிகமாக வருவது பாம்புப் பேச்சுதான். அதில் ஆச்சரியம் இல்லை. கொள்ளிடம், வெள்ளாறு, வீராணம் என்று தண்ணீரும் நெல்லும் உள்ள பூமி நம்முடையது. நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். மழைக்காலத்தில் பொந்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் அதுவும் நம்மை மாதிரி மேட்டைத் தேடி வீட்டுக்குள் வந்துவிடும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள்தான். அதனால் இந்த இதழில் பாம்பு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

"எங்க ஊர்ல ஒருத்தர் பாடம் போட்டே நிறைய பேரைக் காப்பாத்தியிருக்காரே, அது எப்படி?"

நியாயமான கேள்வி. பதில் அவருடைய மந்திரத்தில் இல்லை, பாம்பில் இருக்கிறது. நம் வயலிலும் வாய்க்காலிலும் பார்க்கிற பாம்புகளில் சாரை, தண்ணீர்ப்பாம்பு, பச்சைப்பாம்பு, மண்ணுளி இதெல்லாம் கடித்தாலும் உயிர் போகாது. நல்ல பாம்பே கடித்தாலும் சில சமயம் பல் மட்டும் பட்டிருக்கும், விஷம் இறங்கியிருக்காது. இப்படிப்பட்டவருக்கு யார் என்ன செய்தாலும் பிழைத்துக்கொள்வார். வேப்பிலை கொடுத்தாலும் சரி, மிளகு கொடுத்தாலும் சரி, ஒன்றும் கொடுக்காவிட்டாலும் சரி. பேர் மட்டும் பாடம் போட்டவருக்குப் போகும். உண்மையிலேயே விஷம் ஏறியவர் அங்கே போனால், அவர் இழப்பது நேரம். பாம்புக்கடியில் உயிர் போவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

வேப்பிலை கசக்கிறதா, மிளகாய் உறைக்கிறதா என்று பார்த்து விஷத்தைக் கண்டுபிடிப்பதும் நம்பத்தகுந்தது இல்லை. விஷம் ஏறியவருக்கும் கசக்கலாம், பயத்தில் நாக்கு உலர்ந்தவருக்குக் கசக்காமலும் போகலாம்.

"எந்தப் பாம்பு கடிச்சா உயிருக்கு ஆபத்து?"

முக்கியமாக நான்கு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முதல் இரண்டின் விஷம் நரம்பைத் தாக்கும். கண் இமை தானாக மூடும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். விரியன் இரண்டும் ரத்தத்தைக் கெடுக்கும். கடித்த இடம் வீங்கும், ரத்தம் உறையாது, ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரலாம். கண்ணாடி விரியன் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

கட்டுவிரியனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது இரவில்தான் நடமாடும். தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். பல் சின்னது, வலியும் தெரியாது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் எழுந்து "வயிறு வலிக்குது, கண்ணைத் திறக்க முடியல" என்பார்கள். நாம் வாயு என்று நினைத்துப் பெருங்காயம் கரைத்துக் கொடுப்போம். தரையில் படுத்தவருக்குக் காலையில் வயிற்று வலியும் இமை தொங்கலும் சேர்ந்து வந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

"கயிறு போட்டு இறுக்கிக் கட்டினா விஷம் ஏறாதுன்னு சொல்றாங்களே?"

கட்டாதீர்கள். இறுக்கிக் கட்டினால் அந்தக் காலுக்கே ரத்த ஓட்டம் நின்றுபோகும், விஷமும் ஒரே இடத்தில் தங்கிச் சதையை அழுகவைக்கும். உயிர் பிழைத்தும் காலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே யாராவது கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்க வேண்டாம். சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்பில் ஏறும். அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். பிளேடால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, பச்சிலை வைத்துக் கட்டுவது எல்லாமே வேண்டாம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவையுங்கள். மெட்டி, கொலுசு, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீங்கினால் பிறகு வராது. எலும்பு முறிந்தால் கட்டுவது போல ஒரு குச்சியை வைத்து, கை காலை அசையாமல் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். 108-க்குப் போன் போடுங்கள். வண்டி வரத் தாமதம் ஆகும் என்றால் மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் கடிபட்டவர். மூன்று பேர் போகக் கூடாது என்பது சட்டம்தான், ஆனால் பின்னால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் மயங்கி விழுந்துவிடுவார்.

பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குவது நடக்கிற விஷயம். நான்கு பாம்புக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் இருக்கிறது.

"அந்த மருந்து எங்கிருந்து வருது?"

விஷத்திலிருந்தேதான் வருகிறது. பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஊசி போடுவார்கள். குதிரையின் உடம்பு அதற்கு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். அந்த ரத்தத்திலிருந்து பிரித்து எடுப்பதுதான் விஷமுறிவு மருந்து. இதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் நம் இருளர் மக்கள். கிள்ளை, பிச்சாவரம் பக்கத்தில் நமக்குத் தெரிந்த அதே இனத்தவர்கள்தான் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள், 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு போய்க் கஷ்டப்பட்டார்கள். இப்போது பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, சில வாரத்தில் மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவில் மலைப்பாம்பு பெருகிப்போய்ப் பிடிக்க முடியாமல் 2017-ல் இவர்களைத்தான் கூப்பிட்டார்கள். இதைச் சொன்னால் எல்லாக் கூட்டத்திலும் கை தட்டுகிறார்கள்.

மருந்து ஏற்றும்போது சிலருக்கு அரிப்பு, நடுக்கம், மூச்சுத் திணறல் வரும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் போட வேண்டும். ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். "சும்மா வச்சிருக்காங்க" என்று சண்டை போடாதீர்கள், அதுதான் பரிசோதனை. குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்து ஒரே அளவு. பாம்பு, ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே. ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும் 24 மணி நேரம் அங்கேயே இருங்கள்.

சிதம்பரம் அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும் நமக்குத் தெரிந்த இடங்கள். ஆனால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருப்பு உள்ளதா, இரவில் டாக்டர் இருப்பாரா என்று குழுவாகப் போய் இப்போதே கேட்டு வையுங்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதனால் நாம் கேட்பதில் தப்பே இல்லை.

"சாரைப்பாம்பு மாட்டு மடியில பால் குடிக்குமா?"

குடிக்காது. பாம்பின் வாயால் உறிஞ்ச முடியாது. மாட்டுக் கொட்டகைக்கு எலி பிடிக்க வருகிறது, பால் குறைந்த பழி அதன் மேல் விழுகிறது. பால் குறைந்தால் தீவனத்தையும் மடிநோயையும் பாருங்கள். சாரையும் நல்ல பாம்பும் பிணைகிறது என்பதும் கதைதான். இரண்டு ஆண் சாரைகள் பலம் பார்த்துச் சண்டை போடுவதைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம். அடித்தால் ஜோடி வந்து பழி வாங்கும் என்பதும் இல்லை, ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பாம்புக்கு மூளை கிடையாது.

"வராம தடுக்க என்ன செய்யலாம்?"

பூண்டு, பினாயில் தெளித்தால் வராது என்று நம்பி இருக்க வேண்டாம். வைக்கோல் போர், விறகு, வறட்டி அடுக்கு, கோழிக்கூடு இவற்றை வாசல்படியை ஒட்டி வைக்காதீர்கள். இரவில் வெளியே போக டார்ச் லைட் கட்டாயம். கட்டில் இல்லாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுங்கள். கொசுவுக்கும் ஆச்சு, கட்டுவிரியனுக்கும் ஆச்சு. புல் அறுக்குமுன் குச்சியால் தட்டிவிட்டுக் கை வையுங்கள்.

"செத்துப்போனா இன்சூரன்ஸ் வருமா?"

வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் (பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா) பாம்புக்கடி மரணமும் சேரும். தொகை 2 லட்சம், வயது 18 முதல் 70 வரை. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டும். பாடம் போட்ட இடத்தில் இறந்தவருக்கு அந்தச் சீட்டு எங்கிருந்து வரும்? உங்கள் பாஸ்புக்கில் இந்த 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பாருங்கள்.

"மாட்டைக் கடிச்சா?"

மாட்டுக்கும் அதே விஷமுறிவு மருந்துதான். 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அதுவரை மாட்டை நடத்திக்கொண்டு போகாமல் நிழலில் கட்டி வையுங்கள்.