மேகத்தில் வைத்த அடைக்கலம்

அடைக்கலம் என்னும் சொல் தமிழர் வாழ்வில் ஆழ வேரூன்றியதாகும். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு காதை உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கின்றார். கோவலன் கொலையுண்ட பின், அடைக்கலத்தைக் காக்கத் தவறினோமே என்று வருந்தி அம்முதுமகள் தீப்புகுந்து உயிர் துறந்தாள் என்பதை நீர்ப்படைக் காதையால் அறிகின்றோம். பிறர் நம்பி ஒப்படைத்ததைப் பேணுவது எத்துணைப் பெரிய பொறுப்பு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இற்றைநாளில் நம் குடும்பங்கள் வேறு வகை அடைக்கலம் ஒன்றை நாள்தோறும் வைத்து வருகின்றன. கைப்பேசியில் எடுத்த படங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாட்டியின் குரற்பதிவு, வீட்டுப் பத்திரம் ஆகிய யாவும் மேகம் எனப்படும் சேமிப்பகத்திற்குச் செல்கின்றன. பெயர்தான் மேகம், அஃது இருப்பதோ மண்மேல். குளிரூட்டிய பெருங்கட்டடங்களில் அடுக்கிய கணினிகளே அது. 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் மொத்த மின்பயனீட்டில் ஏறத்தாழ 7 விழுக்காடு இத்தகைய தரவு மையங்களுக்குச் சென்றது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பருமை விளங்கும்.

இச்சேமிப்பகத்தை நடத்தும் நிறுவனத்தின் போக்குத் தம் மனச்சான்றுக்கு ஒவ்வாதபோது, வேறிடம் மாறலாமா என்று சில குடும்பங்கள் எண்ணுகின்றன. காரணங்கள் பல. கூகுள் நிறுவனம் அமெரிக்கப் படைத்துறைக்குச் செய்த பணியை எதிர்த்து 2018இல் அதன் ஊழியர் பலர் குரல் எழுப்பினர். அவ்வாண்டில், செயற்கை அறிவைப் போர்க்கருவிகளுக்குப் பயன்படுத்துவதில்லை என்று நிறுவனம் உறுதி கூறியது. 2025 பிப்ரவரியில் அவ்வுறுதிமொழியை நீக்கிவிட்டது. சிலர்க்கு இதுவே போதிய காரணம். வேறு சிலர்க்கு விளம்பர வாணிகம் பிடிப்பதில்லை. கட்டணமின்றி அளவில்லாமல் படங்களை வைக்கலாம் என்று பழக்கப்படுத்திவிட்டு, 2021 ஜூன் முதல் புதிய படங்களை 15 ஜிகாபைட் வரம்பிற்குள் அடக்கியதும் பலரைச் சிந்திக்க வைத்தது.

ஆயினும், நிறுவனத்தின் பெயரை மாற்றினால் அறம் நிலைபெற்றுவிடுமா? இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். கேட்கவேண்டிய முதற்கேள்வி, பெட்டி யாருடையது என்பதன்று. திறவுகோல் யார் கையில் என்பதே.

ஏறக்குறைய எல்லாச் சேமிப்பகங்களும் நம் கோப்புகளை மறைகுறியாக்கியே வைக்கின்றன. ஆனால் பெரும்பாலானவற்றில் அம்மறைப்பை நீக்கும் திறவுகோல் நிறுவனத்திடமே இருக்கும். ஆகவே அது திறந்து பார்க்கலாம். அரசு ஆணையிட்டால் திறந்து கொடுக்கவும் வேண்டும். 2018இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்று, அந்நாட்டு நிறுவனங்கள் தம் வசமுள்ள தரவுகளை, அவை எந்நாட்டில் வைக்கப்பட்டிருப்பினும், முறையான ஆணைக்கு இணங்கி ஒப்படைக்கச் செய்கிறது. மற்றொரு முறையில், பூட்டுவது நம் கருவியிலேயே நிகழும். திறவுகோல் நம்மிடமே தங்கும். இதனை முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்பர்.

இவ்வேறுபாடு வெறும் நுட்பம் அன்று. 2021இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்துத் தந்தை ஒருவர், நோயுற்ற தம் சிறு மகனின் உடற்பகுதியை மருத்துவர்க்குக் காட்டப் படம் எடுத்தார். படம் தானே சேமிப்பகம் சென்றது. குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களைத் தேடும் கணினி அதனை ஐயுற்றது. அவருடைய கணக்கு மூடப்பட்டது; ஆண்டாண்டாகச் சேர்த்த படங்களும் மடல்களும் கைவிட்டுப் போயின. அவர் குற்றமற்றவர் எனக் காவல்துறை கண்ட பின்னும் நிறுவனம் இரங்கவில்லை என்பது 2022இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி.

மறுபக்கத்தையும் கூறுதல் கடன். அத்தேடலின் நோக்கம் குழந்தைகளைக் காப்பது. எவரும் திறக்கவியலாப் பூட்டு தீயோர்க்கும் மறைவிடமாகும். ஆப்பிள் நிறுவனமும் 2021இல் அத்தகைய தேடலைத் தொடங்க எண்ணி, எதிர்ப்பெழவே 2022 டிசம்பரில் கைவிட்டது. அம்மாதமே, திறவுகோலைப் பயனரிடம் விடும் வசதியை அமெரிக்காவில் அளித்தது. ஆகவே சிலர் இடம் மாறாமல் அமைப்பை மாற்றினாலே போதும். ஆனால் அரசின் ஆணையை அடுத்து, 2025 பிப்ரவரியில் பிரிட்டனில் அவ்வசதியைப் புதியோர்க்கு அளிப்பதை நிறுத்தியது. ஜெனீவாவில் 2014இல் தோன்றிய புரோட்டான் போன்றவை திறவுகோலைப் பயனரிடமே விடுகின்றன. எனினும் அதுவும் சட்டத்திற்கு அப்பாற்பட்டதன்று. 2021இல் சுவிஸ் அதிகாரிகளின் ஆணைப்படி ஒரு பயனரின் இணைய முகவரியை அது பதிந்து தர நேர்ந்தது. மடல்களின் உள்ளடக்கத்தை மட்டும் திறக்க இயலவில்லை.

இனி, மாற்றும் முறையைக் காண்போம். முதலாவது, குடும்பத்தாரின் இசைவு. தந்தை ஒருவர் முடிவுசெய்து ஓரிரவில் மாற்றினால், மறுநாள் பாட்டி பேரன் படத்தைத் தேடித் தவிப்பார். இரண்டாவது, பழைய இடத்திலிருந்து அனைத்தையும் இறக்கி, வீட்டிலுள்ள வன்தட்டு ஒன்றில் ஒரு படி வைத்தல். கூகுளில் இதற்கெனவே 2011 முதல் ஏற்பாடு உண்டு. அவ்வாறு இறக்கும்போது, படம் எடுத்த நாள், இடம் முதலியவை தனிக்கோப்புகளாக வரும். அவற்றை விட்டுவிட்டால் இருபதாண்டுப் படங்களும் ஒரே நாளில் எடுத்தவைபோல் குழம்பக்கூடும். மூன்றாவது, புதிய இடத்தில் ஏற்றி, எண்ணிக்கையை ஒப்பிட்டு, ஆங்காங்கே சிலவற்றைத் திறந்து பார்த்தல். சில திங்கள் இரண்டையும் வைத்திருந்த பின்னரே பழையதை அழித்தல் வேண்டும்.

திறவுகோல் நம்மிடம் வந்ததும் பொறுப்பும் உடன் வரும். கடவுச்சொல்லையும் மீட்புச்சொற்களையும் ஒருங்கே தொலைத்தால், திறந்து தர நிறுவனத்தாலும் ஆகாது. அவற்றைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்து, குடும்பத்தில் இருவரேனும் அறிந்திருக்கச் செய்க. முகம் பார்த்துப் படம் தேடித் தரும் வசதிகள் சில குறையலாம். திங்கள்தோறும் கட்டணமும் இருக்கலாம். காவலுக்கு நாம் தரும் கூலி அது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். நம் கைப்பேசிகளில் இருப்பவை நம் பிள்ளைகளின் படங்கள் மட்டுமல்ல. பள்ளி விழாவில் எடுத்த பிறர் பிள்ளைகளின் படங்களும், மாணவர் எழுதித் தந்த கட்டுரைகளும் அங்கே உள. அவை நமக்கு வந்த அடைக்கலம். நாமே மாதரியின் இடத்தில் நிற்கின்றோம். எந்த நிறுவனம் நல்லது என்று ஆராயுமுன், நம் கையில் உள்ள பிறர் பொருளை எங்கே, எவர் திறக்குமாறு வைத்துள்ளோம் என்பதை இன்றே ஒருமுறை பார்ப்போமாக.